சந்தைக் கூரையில் விழுந்த இருபத்து மூன்று நிழல்கள்

தாதன்கரைச் சந்தைத் திடலில் வெட்டப்பட்ட இருபத்து மூன்று புளியமரங்களின் நிழல்கள், மரங்கள் லாரியேறிப் போய் இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆன பிறகு, பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் காலை பத்தே முக்கால் மணிக்குத் திரும்பி வந்தன. நேரத்தை ஊரே துல்லியமாகச் சொல்லும், ஏனென்றால் அந்த நிமிடம் கலெக்டர் மேடையில் இருந்தார், நாதஸ்வரம் இருந்தது, புதுச் சந்தைக் கட்டடத்தின் மொட்டைமாடி முழுக்கப் பரப்பிய சோலார் பலகைகளைத் தொடங்கிவைக்க அவர் பொத்தானை அழுத்தியதும் மீட்டரில் முள் விறுவிறுவென ஏறியது, கூட்டம் கைதட்டியது, கைதட்டல் அடங்குவதற்குள் முள் மெல்லச் சரிந்து பூஜ்யத்தில் படுத்துக்கொண்டது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. மாடிக்கு ஓடிய வயர்மேன் கைப்பிடிச் சுவர் மேல் எட்டிப் பார்த்து, பலகை மேல் நிழல் விழுகிறது என்றார். எதன் நிழல் என்று கீழேயிருந்து கேட்டதற்கு, புளியமர நிழல்தான் என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஜெஸிந்தாவும் மாடியேறிப் பார்த்தாள். அவள் அந்த நகராட்சியின் நகரமைப்பு ஆய்வாளர். எந்தத் தெரு எவ்வளவு அகலம், எந்த வீட்டுக்கு எத்தனை மாடி, எந்த மரம் நிற்கலாம், எது போகலாம் என்று பார்த்து எழுதிக் கையெழுத்துப் போடுகிறவள். பலகைகளின் நீலக் கண்ணாடி மேல் கிளை கிளையாக, பொடிப்பொடி இலையாக நிழல் கிடந்தது. எந்த நிழல் எந்த மரத்துடையது என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் உடனே தெரிந்தது. வெட்டுகிற கோப்புக்காக ஒவ்வொரு மரத்தையும் டேப் பிடித்து அளந்து, சுண்ணாம்பால் எண் போட்டவள் அவள்தான். இடி விழுந்து ஒரு பக்கக் கிளை போன பதினொன்றாம் மரம் தண்ணீர்த் தொட்டியருகே கிடந்தது. அடியிலேயே இரண்டாகப் பிரிந்த நாலாம் மரம் படிக்கட்டு வரை நீண்டிருந்தது. அந்தக் கோப்பில் 'ஆட்சேபனை இல்லை' என்று எழுதிய மத்தியானம் அவள் மேசையில் வேறு ஆறு கோப்புகள் காத்திருந்தன; ஏழு கோப்புகளையும் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்திருந்தாள். இப்போது அவள் நாலாம் மரத்தின் நிழலுக்குள் போய்ச் சற்று நேரம் நின்றாள். குளிர்ச்சியாக இருந்தது. அது அவளுக்கு மேலும் கஷ்டமாக இருந்தது.

ஊர் அதை ஏற்றுக்கொள்ள மூன்று நாள்கூட எடுக்கவில்லை. முதல் நாள் வேடிக்கை பார்த்தார்கள், இரண்டாம் நாள் மாடியில் பலகைகளுக்கு நடுவே விரிக்கப் பாய் எடுத்து வந்தார்கள், மூன்றாம் நாள் யார் எந்த நிழலில் உட்காருவது என்று சண்டை போட்டார்கள். மரம் இருந்த காலத்தில் எந்த மரத்தடியில் யார் கடை போட்டார்களோ அவர்களுக்கே அந்த மரத்தின் நிழல் என்று பேசி முடித்தார்கள், அதில் பெரிய தகராறு வரவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அவரவர் மரம் நினைவிருந்தது. புதுக் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அடுப்பு மாதிரிக் கொதித்துக்கொண்டிருந்த சந்தைக்குள் குளிர்ச்சி இறங்கியது. பதினொரு மணிக்கே தலைசாய்ந்த கீரை சாயங்காலம் வரை நிமிர்ந்து நின்றது. வெங்காய மண்டிக்காரரும் வியாபாரிகள் சங்கத் தலைவருமான அய்யம்பெருமாள், இரண்டு வருடமாக வாசலுக்கு நாலு மின்விசிறி வைத்திருந்தவர், நாலையும் கழற்றி வைத்தார். சனிக்கிழமை பூசாரி வந்து மஞ்சள் துணி கட்டப் பார்த்தார், கட்டுவதற்கு அடிமரம் இல்லாததால் மாடிப்படிக் கைப்பிடியில் கட்டிவிட்டுப் போனார். காக்கைகள் நிழல்கிளையில் உட்கார வந்து, ஏமாந்து, பலகை மேல் உட்கார்ந்தன. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் வெளிச்சம் அளக்கும் கருவியோடு வந்து இரண்டு நாள் குறிப்பெடுத்து, நிழல் நிழலாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். நகராட்சியில் 'மரமற்ற நிழல் – பொருள் தொடர்பாக' என்று ஒரு கோப்புத் திறந்தார்கள்.

பலகை போட்ட நிறுவனத்தார் கண்ணாடியை மூன்று தடவை கழுவினார்கள். பலகைகளை இருபதடி உயரத்தில் தூக்கி வைத்துப் பார்த்தார்கள், நிழலும் இருபதடி ஏறி அவற்றின் மேல் படுத்தது. அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

சந்தைக்காரர்களுக்குக் கிடைத்த குளிர்ச்சியை ஊரின் தெற்கு எல்லையில் இருந்தவர்கள் வேறு மாதிரி அறிந்தார்கள். ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் அறை அங்கே கண்மாய்க்கரை ஓரம் இருந்தது, அதை ஒட்டித் தெற்குக் காலனி. கரண்ட் இல்லாத நேரமெல்லாம், அதாவது பாதி நேரம், டீசல் என்ஜின்தான் மோட்டாரை ஓட்டியது. அது கக்கிய கரி காலனி மேல் விழுந்தது. அது ஏற்றிய தண்ணீர் ஊரைச் சுற்றிவிட்டுக் கடைசிக் குழாயான காலனிக்கு ஒன்பது நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தது. சந்தைக் கூரையில் பிடிக்கிற வெயிலைக் கம்பி வழியே கொண்டுபோய்ப் பகலெல்லாம் மோட்டாரை ஓட்டுவது, என்ஜினைத் தூக்கி எறிவது, இதுதான் திட்டம். ஊரில் அத்தனை அகலமான கூரை வேறு கிடையாது.

பேச்சித்தாய் அந்தக் காலனியிலிருந்து ஒரு நாள் நடந்தே நகராட்சிக்கு வந்தாள். அப்பளம் இடுகிறவள். பதினெட்டு வீட்டுப் பெண்கள் அவளோடு சேர்ந்து, காலனி மைதானத்தில் பனம்பாய் விரித்து அப்பளம் காயவைத்தார்கள். என்ஜின் ஓடுகிற நாளில் ஒவ்வொரு அப்பளத்திலும் மிளகு விழுந்த மாதிரிக் கரி விழும், அதைத் துணியால் ஒற்றி எடுத்தாலும் பாதிக்கு மேல் மாட்டுக்குத்தான் போகும். அவள் ஜெஸிந்தாவின் மேசை மேல் அப்படி ஒரு அப்பளத்தை வைத்தாள். திட்டினால் பதில் சொல்லலாம் என்று ஜெஸிந்தா காத்திருந்தாள். பேச்சித்தாய் திட்டவில்லை. அப்பளத்தை வைத்துவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் ஜெஸிந்தாவின் மேசைக்கு இன்னொரு கோப்பு வந்தது. அரசு கொடுத்த கெடு ஆடி மாதக் கடைசியில் முடிகிறது, அதற்குள் பலகைகள் மின்சாரம் தரவில்லை என்றால் திட்டம் வேறு ஊருக்குப் போய்விடும், ஆகவே கண்மாயின் கிழக்கு மூலையை மண்ணடித்து மேடாக்கிப் பலகைகளை அங்கே கொண்டுபோய் வைப்பது என்று சேர்மன் யோசனை சொல்லியிருந்தார். மூலைதானே, நாலு ஏக்கர்தானே என்றார்கள். ஜெஸிந்தா பழைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தாள். அந்த மூலையில்தான் மழைத்தண்ணீர் கண்மாய்க்குள் நுழையும் மடை இருந்தது. அதை அடைத்தால் ஐந்தாறு வருடத்தில் மோட்டார் ஏற்றுவதற்குக் கண்மாயில் தண்ணீரே இருக்காது. பேனாவை எடுத்தாள், மூடிவைத்தாள். சேர்மனிடம் போய், பகுதி சபைக் கூட்டம் போட்டு மக்களிடம் கேட்காமல் இதில் தன்னால் எழுத முடியாது என்றாள். சேர்மன் கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். நாற்பது நாள் தருகிறேன் என்றார்.

கூட்டம் சந்தைக் கட்டடத்திலேயே நடந்தது. அய்யம்பெருமாள் நிழலுக்காக அரைமணி நேரம் பேசினார், நன்றாகவே பேசினார். மரம் போன பிறகு வெயிலில் மயங்கி விழுந்த சுமைதூக்கிகள் பேரைச் சொன்னார், கடையை விட்டுப் போன பூக்காரிகள் பேரைச் சொன்னார், வந்த நிழலை விரட்டுகிற ஊர் உருப்படுமா என்று கேட்டார். கூட்டம் அவர் பக்கம் சாய்ந்தபோது பேச்சித்தாய் எழுந்தாள்.

"நிழலு வேண்டாம்னு நான் சொல்லல. எங்களுக்கு வெயிலு வேணும். தண்ணி அதுலதான் வரும், புகை அதுலதான் போகும். நிழலுக்கு யாரு யாரு சொந்தம்னு பேசி முடிச்சிட்டீங்க, சரி. வெயிலுக்கு யாரு சொந்தம்னு இன்னும் பேசவே இல்லையே."

ஜெஸிந்தா எழுந்து நின்றாள். இருபத்து மூன்று மரத்துக்கும் எண் போட்டது தான் என்றும், வெட்டலாம் என்று எழுதியதும் தான்தான் என்றும், எழுதுவதற்கு முன்னால் அந்த மரத்தடியில் ஒரு நிமிடம்கூட உட்கார்ந்து பார்க்கவில்லை என்றும் சொன்னாள். அய்யம்பெருமாள் தலையைக் குனிந்துகொண்டார். "மாடிக் கட்டடம் வேணும்னு மனுக் குடுத்தது எங்க சங்கம்தான் மேடம். மொதக் கையெழுத்து என்னுது" என்றார்.

அந்தக் கூட்டத்தில் வேறெதுவும் முடிவாகவில்லை, ஒன்றைத் தவிர. எந்த இடத்தில் எந்த நேரம் வெயில், எந்த இடத்தில் நிழல், எங்கே எது தேவை என்று ஊர் முழுக்க நடந்து ஒரு வரைபடம் போடுவது. போட்ட பிறகு பேசுவது. ஜெஸிந்தாவுக்கு அளக்கத் தெரியும், வரையத் தெரியும். வெயிலைத் தெரிந்தவள் பேச்சித்தாய். இருபத்தாறு வருடமாக அப்பளத்தை வெயிலுக்குப் பின்னாலேயே நகர்த்தி நகர்த்தி வைத்தவளுக்கு, ஆனியில் உச்சிநிழல் கொஞ்சம் தெற்கே விழும் என்பதும், மார்கழியில் நாள் முழுக்க வடக்கே நீளும் என்பதும், எந்தச் சுவர் எந்த மாதம் எத்தனை மணிக்கு வெயிலைத் தின்னும் என்பதும் விரல்நுனியில் இருந்தது. இருவரும் காலை ஏழு மணிக்குக் கிளம்பித் தெருத் தெருவாக நடந்தார்கள். பேச்சித்தாய் கைகாட்டிய இடத்தில் ஜெஸிந்தா சுண்ணாம்புக் கோடு போட்டாள். பஸ் ஸ்டாண்டில் கர்ப்பிணிகள் நிற்கிற இடம், அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்க வரிசை நிற்கிற இடம், பள்ளிக்கூட வாசல், ரேஷன் கடை. பத்தாவது நாள் அய்யம்பெருமாள் ஒரு குடையோடு வந்து சேர்ந்துகொண்டார், தனக்கு நிழலைப் பற்றித் தெரியும் என்றார். தெரிந்துதான் இருந்தது. மேற்கே மரம் இருந்தால்தான் சாயங்காலம் ஆட்கள் உட்கார வருவார்கள், கிழக்கே வைத்தால் காலைக் கடைக்காரனுக்கு மட்டும்தான் ஆகும் என்று அவர் சொன்னதை ஜெஸிந்தா எழுதிக்கொண்டாள்.

வரைபடம் முடிந்தது. ஊரில் எங்கெல்லாம் நிழல் வேண்டுமோ அங்கெல்லாம் வெயில் இருந்தது, வெயில் வேண்டிய ஒரே கூரையில் நிழல் இருந்தது. நாற்பதில் முப்பத்தோரு நாள் போயிருந்தது.

முப்பத்திரண்டாம் நாள் பீர் மைதீன் சந்தைப் பக்கம் வந்தார். தள்ளுவண்டியில் செடி விற்கிறவர்; ரோஜா, மல்லிகை, கறிவேப்பிலை, எலுமிச்சை. மரம் வெட்டிய அன்று கீழே சிதறிக் கிடந்த புளியம்பழங்களை ஒரு சாக்கில் பொறுக்கிக்கொண்டு போனவர், அதன் பிறகு மனது கேட்காமல் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பியதே இல்லை. பொறுக்கிய கொட்டைகளை முளைக்கப் போட்டதில் வந்த இருபது கன்றுகளை யாரும் வாங்கவில்லை, வீட்டில் புளியமரம் வைக்க யாருக்கு மனசு வரும். பையில் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து வண்டியின் கீழ்த்தட்டில் அவரோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தன. நிழல் வந்திருக்கிறது என்று இரண்டு மாதமாகக் கேட்டுக் கேட்டு, அன்றுதான் பார்த்துவிடலாம் என்று வந்தார். சந்தை வாசலில் வண்டியை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். மாடியிலிருந்து ஒரு நிழல் சுவர் வழியாக இறங்கி வந்து, ரோட்டைக் கடந்து, வண்டியின் மேல் விரிந்து நின்றது. பின்னாலேயே இன்னொன்று. பீர் மைதீன் கொஞ்சம் பயந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார், நிழல்களும் ஒவ்வொன்றாக இறங்கி அவரோடு நடந்தன, கடைத்தெரு முழுக்க, பாத்திரக் கடை, பரோட்டாக் கடை, மருந்துக்கடை வாசல் எல்லாம் தாண்டி ஒரு தோப்பே நடந்து போனது, வெயிலில் நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டு, நிழல் தங்களைக் கடக்கிற வரை சட்டைப் பொத்தானை அவிழ்த்துவிட்டு நின்றார்கள். சந்தையில் மீட்டர் முள் எழுந்து நின்றது.

இருபது நிழல்கள் போயிருந்தன. கொட்டை முளைக்காத மூன்று மரங்களின் நிழல்கள் மட்டும் மாடியின் வடகிழக்கு மூலையிலேயே கிடந்தன.

அன்று மத்தியானத்துக்குள் பீர் மைதீனைக் கூப்பிடாத ஆளில்லை. கல்யாண மண்டபக்காரர் கூப்பிட்டார், சேர்மனும் தன் லாட்ஜ் வாசலுக்குக் கூப்பிட்டார். அவர் வண்டியை நேரே நகராட்சி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து ஜெஸிந்தாவிடம், "நான் பொறுக்கினது கொட்டைதான்ம்மா. நிழலு ஊரோடது. எங்க வைக்கணும்னு ஊரு சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டு, படியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

இரண்டாவது கூட்டத்துக்கு வரைபடத்தை மூன்று பெஞ்சு நீளத்துக்குப் பெரிதாக வரைந்து விரித்தார்கள். இருபது கன்றுக்கு அறுபத்தெட்டு இடம். அந்தக் கூட்டத்தைப் பற்றித் தாதன்கரைக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள், காலை பத்து மணிக்கு ஆரம்பித்துச் சாயங்காலம் ஐந்தரை வரை நடந்தது, நடுவில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வந்தார்கள், ஆனால் யாரும் தன் வீட்டு வாசலுக்குக் கேட்கவில்லை. கேட்க வந்தவர்கள்கூட வரைபடத்தில் ஆஸ்பத்திரி வரிசையைப் பார்த்தபின் கேட்காமல் உட்கார்ந்தார்கள். சேர்மன் லாட்ஜ் பேச்சை எடுக்கவே இல்லை. நிழல் போனதால் மறுபடி கொதிக்க ஆரம்பித்த சந்தைக்கு மேற்கு ஓரமாக ஆறு கொடுத்தார்கள். நிழல் அங்கிருந்து கூரையில் விழாதா என்று கேட்டதற்கு, கட்டடத்திலிருந்து எத்தனை அடி தள்ளி வைத்தால் நாலு மணிக்கு முன்னால் கூரையைத் தொடாது என்று பேச்சித்தாய் கணக்குச் சொன்னாள். காலனிக்கு இரண்டு வந்தது. அவள் ஒன்றை மைதானத்தின் வடக்கு எல்லையில், அப்பளத்துக்கு வெயில் கெடாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டாள். இன்னொன்றைப் பெண்களோடு பேசிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தாள். அங்கே வரிசையில் நிற்பதும் தாங்கள்தான் என்றாள்.

நடுவதும் எளிதாக முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் சிமெண்டுத் தரையில் சின்னதாக ஓட்டை போட்டு நட்ட கன்றின் மேல் நிழல் இறங்க மறுத்து, ரோட்டுக்கு அப்பால் ஒதுங்கி நின்றது. பீர் மைதீன் பார்த்துவிட்டு, கழுத்து வரைக்கும் சிமெண்டு பூசினால் யார்தான் இருப்பார்கள் என்றார். சுற்றிலும் ஆறடிக்கு ஆறடி உடைத்து மண்ணைத் திறந்த பிறகுதான் அது வந்தது. அதைப் பார்த்து எல்லா இடத்திலும் உடைத்தார்கள், உடைத்த இடத்திலெல்லாம் அந்த ஐப்பசி மழை தேங்காமல் உள்ளே இறங்கியது. இனிப் போடுகிற எந்தத் தெருவிலும் இத்தனை அடி மண் திறந்திருக்க வேண்டும், எந்தக் கூரையும் பக்கத்துக் கூரையின் வெயிலை மறைக்கக் கூடாது என்று நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஜெஸிந்தா கண்மாய்க் கோப்பைத் திறந்து, மடையின் படத்தோடு மூன்று பக்கம் காரணம் எழுதி, முடியாது என்று முடித்துக் கையெழுத்துப் போட்டாள். சேர்மன் அதைப் படித்துவிட்டுக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார்.

வடகிழக்கு மூலையின் மூன்று நிழல்களை என்ன செய்வது என்று, மீட்டர் முள் எழுந்ததைக் கேட்டுத் திரும்பி வந்த நிறுவனத்தின் பொறியாளர் கேட்டார். அந்த மூலையில் பலகை வேண்டாம், சுமைதூக்கிகள் மத்தியானம் படுத்துக்கொள்ளட்டும் என்று சங்கம் சொன்னது. பலகைகளைக் கழற்றிவிட்டு இரண்டு மண்பானை வைத்தார்கள்.

கெடுவுக்குப் பதினொரு நாள் இருக்கையில் மோட்டார் வெயிலில் ஓட ஆரம்பித்தது. என்ஜினை நாலு பேர் சேர்ந்து தூக்கி வண்டியில் ஏற்றியபோது, காலனிப் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு நின்று பார்த்தார்கள், கைதட்டவெல்லாம் இல்லை, வண்டி நகர்ந்ததும் ஒருத்தி போய் அந்த இடத்தைப் பெருக்கினாள். மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், காலனிக் குழாயில் தண்ணீர் வந்தது. வழக்கமாகக் குடத்துக்குச் சண்டை நடக்கிற அந்தக் குழாயடியில் அன்று யாரும் அவசரப்படவில்லை. நாளைக்கும் வரும் என்பதை நம்ப ஒரு வாரம் ஆயிற்று. நம்பிய பிறகு, வீட்டில் நிறைத்து வைத்திருந்த அண்டா, டிரம், பழைய எண்ணெய் டின் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காயவைத்தார்கள், வீடுகள் திடீரென்று பெரிதாகிவிட்டன.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை பேச்சித்தாய் நகராட்சிக்கு வந்தாள். நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து ஜெஸிந்தா கூச்சத்தோடு எழுந்தாள். பேச்சித்தாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலனிக் குழாயின் மூட்டில் கசிவு இருக்கிறது, ஆளனுப்புங்கள் என்றாள். ஜெஸிந்தா குறித்துக்கொண்டாள். குறித்த பிறகும் பேச்சித்தாய் எழுந்திருக்கவில்லை. சுவரில் தொங்கிய வரைபடத்தின் தெற்கு ஓரத்தை, காலனிக்கு அப்பால் வெறும் தரிசாக விட்டிருந்த வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம் வீடு வரும் மேடம். தண்ணி வந்திருச்சுல்ல, அஞ்சு வருசத்துல ரெண்டு தெரு வந்துரும். வந்தப்புறம் இடிச்சிக்கிட்டு நிக்கப்போறமா?"

"என்னக்கா செய்யலாம்?"

"இப்பவே வரைஞ்சிருவோம்."

ஜெஸிந்தா வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் விரித்தாள். சுருண்ட ஓரத்தின் மேல் பேப்பர்வெயிட் வைத்தாள். பிறகு பென்சிலைச் சீவி, முனையைத் தன் பக்கம் வைத்து, பிடிக்கிற பக்கத்தைப் பேச்சித்தாயிடம் நீட்டினாள். பேச்சித்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கிழக்கு எது என்று ஒருமுறை ஜன்னலைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, இன்னும் யாரும் குடிவராத தெருவில் முதலில் வெயில் வரும் வழியை வரைய ஆரம்பித்தாள்.